நின்ற காரும் எரிந்த பஞ்சும்

அமெரிக்காவின் அரிசோனா, டெக்சஸ், புளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில் 1990களின் ஹோண்டா சிவிக்கையோ அக்கார்டையோ வைத்திருந்தவர்களுக்கு ஒரு தொல்லை நன்றாகப் பழக்கம். காலையில் சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிடும். மதியம் கடை வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் செல்ஃப் எடுக்கும், எஞ்சின் பிடிக்காது. பேட்டரியில் குறையில்லை, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு, காரைத் திட்டிவிட்டு, கால் மணியோ அரை மணியோ கழித்து மறுபடி திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே அது சாது. மெக்கானிக் எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் அத்தனை முறையும் பிடிக்கும்.

அந்தக் காத்திருப்பு நேரத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. ஒருவர் டேஷ்போர்டை முஷ்டியால் குத்துவார். இன்னொருவர் சாவியை மூன்று முறை போட்டுப் போட்டு எடுப்பார். வேறொருவர் கண்ணை மூடிக் கடவுளை வேண்டுவார். மூவருக்கும் பலித்தது. அடுத்த முறை கார் நின்றபோதும் அவரவர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார்கள், அப்போதும் பலித்தது. ஒரு முறை பலித்தால் தற்செயல் எனலாம். ஐந்தாறு முறை தவறாமல் பலித்த வைத்தியத்தை யார் கைவிடுவார்?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பக்கத்தில் சொல்லிச் சிரித்துவிடுவார்கள். சிரிப்பது சுலபம். பழம் காக்கையால் விழவில்லை என்று நிறுவுவது சுலபமில்லை, அதுவும் காக்கை உட்கார்ந்தபோதெல்லாம் பழம் விழுந்திருந்தால். ஒன்றை அடுத்து இன்னொன்று நடந்தது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று சொல்லும் உரிமை எப்போது கிடைக்கிறது? இந்தக் கேள்விக்காக மிதிலையிலும் பாக்தாதிலும் பாரிஸிலும் எடின்பரோவிலும் அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டா, வேண்டுதல் பலிக்குமா என்ற கேள்விகளும் இதன் தோளில்தான் ஏறி நிற்கின்றன. படைத்தவன் விஷயத்தில் விடையைத் திறந்து பார்க்க வழியில்லை. பழைய ஹோண்டாவில் உண்டு. நான்கு திருகாணிகளுக்கு அப்பால் விடை இருக்கிறது. ஆகவே வாதங்களை இங்கே உரசிப் பார்ப்பது நல்லது.

விடை இதுதான். ஓட்டுநர் பக்கம், டேஷ்போர்டுக்கு அடியில், கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. மெயின் ரிலே என்பார்கள். அதற்குள் இரண்டு ரிலேக்கள். ஒன்று எஞ்சினை ஆளும் கணினிக்கும் இன்ஜெக்டர்களுக்கும் மின்சாரம் தருகிறது. மற்றொன்று டேங்குக்குள் இருக்கும் ஃபியூயல் பம்ப்புக்கு. ரிலேயின் கால்களைச் சர்க்யூட் பலகையோடு பிடித்திருப்பவை சில சொட்டுச் சால்டர்கள். ஆண்டுக் கணக்காகச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்த ஈயத்தில் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளைய விரிசல் விழுகிறது. குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரு கரைகளும் தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறினால் ஈயம், செம்பு, பலகை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் விரிவதால் தொடுப்பு விட்டுப்போகும். அரிசோனாவின் டெம்பி நகரில் வெயிலில் நிறுத்திய கார்களை அளந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு மணி நேரத்தில் உள்ளே காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸையும் டேஷ்போர்டு 69 டிகிரியையும் எட்டியதாகச் சொல்கிறது. அந்தச் சூட்டில் ரிலே கைவிரிக்கிறது. கண்ணாடியை இறக்கினால் உள்ளே காற்று புகுந்து ஆறுகிறது, ரிலே பிழைத்துக்கொள்கிறது. முஷ்டிக்காரர், சாவிக்காரர், பக்தர் மூவருக்கும் பொதுவாக நடந்தது நேரம் கடந்ததுதான். (முஷ்டிக்காரருக்கு மட்டும் ஓரிரு மதிப்பெண் போடலாம், அதிர்வும் சில வேளை விரிசலைத் தொடவைக்கும்.) ஸ்வீடனின் வால்வோ 240 காரிலும் ஃபியூயல் பம்ப் ரிலேக்கு இதே விரிசல் வியாதி உண்டு.

இவ்வளவு தெரிந்த பிறகு எல்லாம் எளிதாகத் தோன்றும். தெரியாதவர் எப்படித் தெரிந்துகொள்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரிலே என்பது மிகப் பழைய ஏற்பாடு. சிறிய மின்சாரம் ஒரு கம்பிச் சுருளைக் காந்தமாக்குகிறது. காந்தம் ஓர் இரும்பு நாக்கை இழுக்கிறது. நாக்கு இரண்டு முனைகளைச் சேர்க்கிறது. சேர்ந்த முனைகள் வழியே பெரிய மின்சாரம் ஓடுகிறது. 1830களில் ஜோசப் ஹென்றி அமெரிக்காவில் இதைச் செய்து காட்டினார். களைத்துப்போய் வந்து சேரும் தந்திக் குறியை அங்கேயுள்ள பேட்டரியின் பலத்தில் மறுபடி எழுப்ப முடிந்ததால்தான் தந்தி நெடுந்தூரம் போனது. காரில் சுருளுக்குக் கால் ஆம்பியருக்கும் குறைவாகப் போதும். பம்ப்புக்கோ பல ஆம்பியர் வேண்டும். பரவலாகப் புழங்கும் ஜெர்மன் தர ரிலேயில் முனைகளுக்கு எண்கள் உண்டு: 85, 86 இரண்டும் சுருள், 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 பம்ப்புக்குப் போவது.

நடுவில் இப்படி ஒரு காவலாளி எதற்கு? விபத்துக்குப் பயந்துதான். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும் வரைதான் கணினி ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். கார் மோதி எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உடைந்த குழாய் வழியே பெட்ரோல் பீய்ச்சும். பழைய ஃபோர்டு கார்கள் பலவற்றில் இதற்கு மேலும் ஒரு அதிர்ச்சி ஸ்விட்ச் உண்டு. பெரிய குலுக்கல் வந்தால் அது பம்ப்பை நிறுத்திவிடும். பொத்தானைத் திரும்ப அழுத்தும்வரை கார் அசையாது. ஆகவே பம்ப் ஓடவில்லை என்பது கோளாறாகவும் இருக்கலாம், காரைச் செய்தவர் விரும்பியபடியே நடந்ததாகவும் இருக்கலாம். ஏன் நின்றது என்று கேட்டால் எதனால் என்றும் எதற்காக என்றும் இரண்டு விடைகள் வரும். அரிஸ்டாட்டில் இவ்விரண்டையும் தனித்தனிக் காரணங்களாக எண்ணினார். இரண்டையும் குழப்பிக்கொள்கிற மெக்கானிக், நல்ல ரிலேயைக் கழற்றி எறிவார்.

தேர்ந்த கை தொடங்குவது கழித்தலில். செல்ஃப் எடுக்கிறது, எனவே பேட்டரியும் ஸ்டார்ட்டரும் இல்லை. பிளக்கில் தீப்பொறி வருகிறது, எனவே இக்னிஷன் இல்லை. ஃபியூஸ் முழுசாக இருக்கிறது. மிஞ்சுவது பெட்ரோல் வழி. மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, அடுக்கும்போது இதையும் ஒன்றாகச் சொல்கிறான்: மீட்சி. இராமன் வென்றான் என்று கேள்விப்பட்டால் இராவணன் தோற்றான் என்று அறிவது. அந்தப் போரில் எதிரெதிரே நின்றவர்கள் இருவர்தான், எனவே கணக்கு சரியாக வரும். காரில் எத்தனை பேர் களத்தில் நிற்கிறார்கள் என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஏதோ ஒரு காரணத்தால் கணினியே ரிலேக்கு எர்த் கொடுக்காமல் இருக்கலாம். அப்போது ரிலே குற்றமற்றது. கழித்துக்கொண்டே வந்து கடைசியில் மிஞ்சியவன்தான் குற்றவாளி என்ற தீர்ப்பு, பட்டியல் முழுமையாக இருந்தால் மட்டுமே செல்லும். பட்டறைகளில் பாதித் தவறுகள் இங்கே பிறக்கின்றன. நீதிமன்றங்களைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

அடுத்தது காது. இந்த ஹோண்டாக்களில் சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் அதற்கு முந்தைய நிலையில் வைத்தால் எச்சரிக்கை விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணையும். அந்த இரண்டு விநாடியும் பின்சீட்டுப் பக்கமிருந்து பம்ப்பின் முனகல் கேட்க வேண்டும். முடிவில் ரிலே கிளிக்கென்று விடும். முனகல் கேட்கவில்லை என்றால் பம்ப்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது பம்ப்பே செத்துவிட்டது. ஆனால் கேட்கவில்லை என்பதை எப்படி நம்புவது? இல்லாமையை அறிய முடியுமா என்று, வேதத்துக்குப் பொருள் காணும் மரபினரான மீமாம்சகர்கள் நிறையவே விவாதித்தார்கள். 7ஆம் நூற்றாண்டில் குமாரில பட்டர் அதைத் தனி அளவையாகவே ஏற்றார். அதே மரபின் பிரபாகரர் மறுத்தார். பட்டர் வழியினர் போட்ட நிபந்தனைதான் மெக்கானிக்குக்கு உதவுவது: அந்தப் பொருள் இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலையில்தான் தென்படாமை இல்லாமைக்குச் சான்று. வெளிச்சமுள்ள அறையில் பானையைக் காணோம் என்றால் பானை இல்லை. இருட்டறையில் காணோம் என்பதற்கு ஒரு பொருளும் இல்லை. லாரிகள் போகும் சாலையோரத்தில், ரேடியோவும் ஏசி விசிறியும் ஓடும்போது பம்ப் சத்தம் கேட்கவில்லை என்று சொல்பவர் இருட்டறையில் பானை தேடியவர். கடவுளைக் காணவில்லை, ஆகவே இல்லை என்பவருக்கும் இந்த நிபந்தனை பொருந்தும். இருந்திருந்தால் எந்த வடிவில், எங்கே தென்பட்டிருப்பார் என்பதை முதலில் அவர் சொல்ல வேண்டும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே கடவுளைப் பொறுப்பாக்கும் பக்தரும் அதே கேள்விக்குப் பதில் சொல்லக் கடன்பட்டவர்.

மல்டிமீட்டர் விஷயம் இன்னும் சுவாரசியமானது. ரிலேயின் முனைகள் கருகி, ஏதோ ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பம்ப்பின் இணைப்பைக் கழற்றி அந்த வயரில் டிஜிட்டல் மீட்டரை வைத்தால் அது 12 வோல்ட் காட்டும். வயரில் மின்சாரம் வருகிறது, எனவே பம்ப்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, டேங்கை இறக்கிப் புதுப் பம்ப் மாட்டுவார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை. அதன் உள்தடை பல லட்சம் ஓம். அது இழுக்கும் மின்சாரம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கருகிய முனை அந்த அளவுக்கு வழிவிடும். பம்ப் கேட்கும் ஐந்தாறு ஆம்பியருக்கு விடாது. மீட்டருக்குப் பதில் சாதாரண பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பை மாட்டியிருந்தால், பல்பு தானே கொஞ்சம் மின்சாரம் இழுப்பதால் மங்கலாக எரிந்து குட்டை உடைத்திருக்கும். காஞ்சிபுரத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித்தரும் 29ஆம் காதையில் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று பிழையான அனுமானங்களை வகை பிரித்துக் காட்டுகிறார். 12 வோல்ட் என்ற எண் அசலான ஏதுப் போலி. பார்வைக்குச் சரியான காரணம் போலவே இருக்கும். நிறுவ வேண்டியதை மட்டும் நிறுவாது. ஒரு காப்பியத்தில் கதையை நிறுத்தி வைத்துவிட்டு இவ்வளவு தருக்கம் எதற்கு என்று இலக்கிய ரசிகர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. டேங்கை வீணாக இறக்கியவர்கள் சுளிக்க மாட்டார்கள்.

பல கார்களில் ஹாரனுக்கும் பம்ப்புக்கும் ஒரே மாதிரி ரிலே இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது பட்டறைகளின் பழைய உத்தி. இப்போது எஞ்சின் பிடிக்கிறது, ஹாரன் ஊமையாகிறது என்றால் கோளாறு ரிலேயோடு சேர்ந்தே நகர்ந்திருக்கிறது. நியாயத் தருக்க மரபினரான நையாயிகர்கள் இதைத்தான் அன்வயம், வியதிரேகம் என்றார்கள்: அது இருந்தால் இதுவும் இருக்கிறது, அது இல்லாவிட்டால் இதுவும் இல்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் தன் தருக்க நூலில் வகுத்த முறைகளும் ஏறக்குறைய இவையே. ஆனால் நையாயிகர்கள் அதோடு விடவில்லை. அந்த உறவுக்கு நடுவே நம் கண்ணில் படாத மூன்றாவது ஆள் ஒளிந்திருக்கிறானா என்று தேடச் சொன்னார்கள். அவனுக்கு உபாதி என்று பெயர். புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று திருப்பிச் சொல்லக் கூடாது, ஏனென்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. நெருப்போடு ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை. அந்த ஈர விறகுதான் உபாதி. 14ஆம் நூற்றாண்டில் மிதிலையில் கங்கேசர் எழுதிய தத்துவ சிந்தாமணி இந்த உபாதி ஆராய்ச்சியை மிக நுட்பமான நிலைக்குக் கொண்டுபோனது.

நின்ற ஹோண்டாவில் உபாதிகள் மலிந்து கிடக்கின்றன. புது ரிலே போட்டதும் கார் ஓடியது. ரிலேயைப் பிடுங்கிச் செருகும்போது துருவேறிய முனைகள் உரசிச் சுத்தமானதால் ஓடியதா? கடைக்குப் போய் ரிலே வாங்கி வருவதற்குள் கார் ஆறிவிட்டதால் ஓடியதா? புதுப் பம்ப் மாட்டிய வாரம் மழை பெய்ததால் ஓடியதா? பில்லில் பம்ப்பின் விலை ஏறிவிட்டது, வாடிக்கையாளரும் திருப்தியாகப் போனார், அடுத்த வெயில் நாளில் பழைய கதை திரும்பியது. இதற்கு ஒரே மாற்று, கோளாறை வேண்டுமென்றே வரவழைப்பது. ரிலேயைக் கழற்றாமல் தலைமுடி உலர்த்தும் கருவியால் அதற்குச் சூடு காட்ட வேண்டும். பம்ப் நின்றால் ஆறவிட வேண்டும். ஓடினால் மறுபடி சூடு காட்ட வேண்டும். நல்ல மெக்கானிக் புது ரிலேயில் கார் ஓடிய பிறகு பழையதைத் திரும்ப மாட்டி, கோளாறு திரும்பி வருகிறதா என்றும் பார்ப்பார். வராவிட்டால் காரணம் இன்னும் அகப்படவில்லை. பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறவர்கள் குறைவு. செய்கிறவரை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் கஸ்ஸாலி குறுக்கிடுகிறார்.

அபூ ஹாமித் அல்-கஸ்ஸாலி 1058இல் பாரசீகத்துத் தூஸ் நகரில் பிறந்தவர். பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர். தத்துவவாதிகளை மறுத்து 1095இல் அவர் முடித்த ‘தஹாஃபுத் அல்-ஃபலாசிஃபா’ நூலின் 17ஆம் பகுதி காரணம் பற்றியது. நெருப்பில் பஞ்சு பட்டால் பஞ்சு எரிகிறது. நெருப்பு எரித்தது என்கிறோம். நாம் கண்டது என்ன? நெருப்பு பட்டபோது பஞ்சு எரிந்ததைக் கண்டோம். நெருப்பு படுவதால் எரிந்ததைக் காணவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து நிகழ்த்துபவன் இறைவன். அவன் நினைத்தால் நெருப்பிருந்தும் பஞ்சு எரியாது என்கிறார் கஸ்ஸாலி. ரிலேக்கு ஆயிரம் முறை சூடு காட்டினாலும் அவர் அசைய மாட்டார். சூட்டோடு சேர்ந்து பம்ப் நின்றதை ஆயிரம் முறை பார்த்தீர்கள், அவ்வளவுதானே என்பார். இந்த வாதத்தைக் கடவுள் இல்லாமலே சொல்லிக் காட்டியவர் எடின்பரோவின் டேவிட் ஹ்யூம், 1739இல்.

அதே பகுதியில் கஸ்ஸாலி ஒரு பிறவிக் குருடனைக் கற்பனை செய்கிறார். பகல், இரவு என்பவற்றைக் கேள்விப்பட்டே இராதவன். ஒரு பகலில் அவன் கண் படலம் நீங்குகிறது; நிறங்களைப் பார்க்கிறான். தன் கண் திறந்ததே நிறங்கள் தெரியக் காரணம் என்று நம்புகிறான். மாலையில் சூரியன் மறைய, எல்லாம் இருண்டு போன பிறகுதான் அதுவரை காட்டிக்கொண்டிருந்தது வெயில் என்று அவனுக்கு உறைக்கிறது. உபாதியை இதைவிட அழகாகச் சொல்வது கடினம். டேஷ்போர்டைக் குத்தியவர் இந்தக் குருடனுக்கு உறவுக்காரர்.

கஸ்ஸாலியின் வாதத்தை ஐரோப்பாவில் இன்னும் தூரம் கொண்டுபோனவர் நிக்கோலா மாலபிரான்ஷ் என்ற பாரிஸ் பாதிரியார். படைக்கப்பட்ட எந்தப் பொருளுக்கும் சொந்தமாகச் செய்யும் வலிமை கிடையாது என்று 1674-75இல் வெளியான தன் நூலில் எழுதினார். ஒரு பந்து இன்னொரு பந்தில் மோதுவது இரண்டாவது பந்து நகர்வதற்கான வாய்ப்பு மட்டுமே. நகர்த்தும் வலிமை கடவுளுடையது. படிப்பவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். ரிலேயைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். சுருளில் ஓடும் சிறு மின்சாரம் பம்ப்பைச் சுற்றுவதில்லை, பம்ப் வரை போவதுகூட இல்லை. இரண்டு மின்வழிகளும் ஒன்றையொன்று தொடாதவை. சுற்றும் வலிமை முழுதும் பேட்டரியுடையது. 85இலும் 86இலும் நடப்பது 30இலிருந்து 87க்குப் பாய ஒரு சந்தர்ப்பம். உலகில் நாம் காரணம் என்று பெயர் வைத்திருக்கும் எல்லாமே இப்படிப்பட்ட சந்தர்ப்பங்கள்தான் என்பது பாதிரியாரின் கட்சி. மாலபிரான்ஷைப் படிக்கும்படி நண்பருக்குக் கடிதம் எழுதியவர்களில் ஹ்யூமும் ஒருவர்.

ஆனால் ரிலே பாதிரியாரை எதிர்த்தும் சாட்சி சொல்கிறது. சந்தர்ப்பம் மட்டும்தான் என்றாலும் அதில்லாமல் பம்ப் சுற்றவில்லையே. பேட்டரி நிறைந்திருந்து, பம்ப் நன்றாக இருந்து, ஒரு மயிரிழை விரிசலால் ஒரு டன் கார் வெயிலில் நிற்கிறது. ஸ்பெயினின் குர்துபாவைச் சேர்ந்த தத்துவவாதி இப்னு ருஷ்து கஸ்ஸாலிக்கு எழுதிய மறுப்பில், காரணங்களை நீக்குகிறவர் அறிவையே நீக்குகிறார் என்ற கருத்தில் உறுதியாக நின்றார். ஒன்றின் இயல்பு என்பதே அது என்ன செய்யும் என்பதுதான். நெருப்பிலிருந்து எரித்தலை எடுத்துவிட்டால் நெருப்பு என்று சொல்ல என்ன மிஞ்சும்? இந்த இடத்தில் இப்னு ருஷ்து பக்கம் சாய்வதே நியாயம். தொடுப்பு விட்டால் மின்சாரம் நிற்பதைப் பழக்கம் என்று சொல்லி விட்டுவிட்டால், எந்தப் பழக்கம் எங்கே முறியும் என்று தேடுவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது.

கஸ்ஸாலிக்கும் இந்த ஆபத்து தெரியும். எதுவும் எதுவாகவும் ஆகலாம் என்றால் வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் ஒரு சிறுவனாக மாறியிருக்கலாமே என்று எதிராளி சார்பில் தாமே கேட்டுக்கொள்கிறார். முடியும், ஆனால் அது நடக்கவில்லை என்ற அறிவையும் இறைவனே நமக்குள் வைத்திருக்கிறான் என்று பதில் சொல்கிறார். நூலின் முன்னுரையில் அவர் எழுதியது இதைவிட முக்கியம். கிரகணம் ஏன் வருகிறது என்று கணித்துச் சொல்பவர்களை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்கிறார். அந்த நூலை முடித்த அதே ஆண்டில் கஸ்ஸாலிக்கு நா எழாமல் போயிற்று. பாடம் நடத்த முடியவில்லை, உணவு இறங்கவில்லை. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவிய நோய், உள்ளத்துக் கவலை தீராமல் மருந்து பலிக்காது என்று கைவிட்டதாக அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பஞ்சை நெருப்பு எரிக்கவில்லை என்று எழுதியவர், வைத்தியர்கள் சொன்ன காரணத்தை மட்டும் மறுப்பின்றிப் பதிவு செய்திருக்கிறார்.

ரிலேயைப் பிடித்த அதே கருவியால் கடவுளையும் பிடிக்க முடியுமா? முடியும் என்றார் நையாயிகர் உதயனர். பானைக்குக் குயவன் உண்டு. உலகமும் பானைபோல் ஆக்கப்பட்ட ஒன்று. எனவே அதற்கும் ஆக்கியோன் உண்டு என்பது அவருடைய நியாயகுசுமாஞ்சலி தரும் முதல் வாதம். நம் மெய்கண்டாரின் சிவஞானபோதமும் முதல் நூற்பாவிலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகைக் கொண்டு அதற்கொரு முதல்வனைக் கருதுகிறது. 11ஆம் நூற்றாண்டில் விக்கிரமசீலத்துப் பௌத்தர் ரத்னகீர்த்தி இந்த அனுமானத்தை மறுக்கவென்றே தனி நூல் எழுதினார். பானைகளைக் குயவர் செய்வதைப் பார்த்திருக்கிறோம், பானையைப் பற்றிச் சொல்லலாம். மலையையும் மரத்தையும் யாரும் செய்து பார்த்ததில்லை என்பது பௌத்தர் தரப்பின் சாரம். வியப்பு என்னவென்றால், ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜரும் இந்த இடத்தில் பௌத்தரோடு கைகோக்கிறார். உலகம் முழுதும் ஒரே சமயத்தில் ஒரே கர்த்தாவால் ஆக்கப்பட்டது என்று அனுமானத்தால் நிறுவ முடியாது என்று ஸ்ரீபாஷ்யத்தில் வாதிடுகிறார். கடவுளை அறியச் சாஸ்திரமே வழி. பக்தியில் அவருக்கு யார் இணை? ஆனால் செல்லாத சான்றை வைத்துத் தம் கடவுளைத் தாங்கிப் பிடிக்க அவருக்கு விருப்பமில்லை. டேங்கை இறக்கும் முன் டெஸ்ட் லாம்ப்பைத் தேடும் மெக்கானிக்கின் நேர்மை இதில் இருக்கிறது.

வேண்டுதலையும் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன் 1872இல், தேவாலயங்களில் நாள்தோறும் பிரார்த்திக்கப்படும் அரசர்கள் மற்ற வசதி படைத்தவர்களைவிடக் குறைந்த ஆயுளே வாழ்ந்திருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டிக் குறும்பு செய்தார். 2006இல் அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. தமக்காக வேண்டப்படுகிறதா என்று உறுதியாகத் தெரியாதவர்களுக்குள், வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் வேண்டப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. தமக்காக வேண்டுகிறார்கள் என்று தெரிந்தவர்களில் 59 சதவீதம். தன்னைக் கடவுளிடம் ஒப்படைக்கும் அளவுக்கு நிலைமை மோசமோ என்ற பயம் நோயாளியைப் படுத்தியிருக்கலாம் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். வேண்டப்படாத குழுவுக்கு அவர்களுடைய அம்மாக்கள் வேண்டாமலா இருந்திருப்பார்கள்? அந்த உபாதியை எந்த ஆய்வாளராலும் விலக்க முடியாது. ஆய்வு வருவதற்கு நெடுநாள் முன்பே, 1959இல், கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் வேறொரு கோணத்தில் சொல்லியிருந்தார்: வேண்டுதல் என்பது கேட்பது; கேட்டது மறுக்கப்படவும் கூடும்; தவறாமல் பலன் தருவது வேண்டுதல் ஆகாது, அது மந்திரவித்தை.

லூயிஸ் சொன்னதை ஏற்கும் பக்தர் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். தவறிப்போனதைக் கணக்கில் சேர்க்காதவர், பலித்ததையும் சேர்க்கக் கூடாது. கண்ணாடியை இறக்கி அரை மணி காத்திருந்த பிறகு கார் கிளம்பியதைத் தன் வேண்டுதலின் வரவாக எழுதிக்கொள்வது செல்லாது. வேண்டாதவரின் காரும் அதே நேரத்தில்தான் கிளம்பியது. இதே வரவுசெலவு விதி மறுதரப்புக்கும் உண்டு. ரிலேயில் விரிசலைக் கண்டுபிடித்ததால் கடவுளுக்கு வேலையில்லை என்று நிறுவிவிட்டதாக நினைப்பவர், மீட்டரின் 12 வோல்ட்டைப் பார்த்துப் பம்ப் வாங்கப் போனவருக்குச் சமம். விரிசல் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். ஈயம் என்று ஒன்று ஏன் இருக்கிறது, அது ஏன் சூட்டில் விரிகிறது, நேற்று விரிந்தது இன்றும் ஏன் விரிய வேண்டும் என்ற கேள்விகளின் பக்கம் அவருடைய சோதனை போகவே இல்லை. வேண்டுகிறவர் மனம் ஆறுவதற்காக வேண்டட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை. பட்டறையில் மட்டும் அதைச் சான்றாகக் கொண்டுவரக் கூடாது.

பழைய ஹோண்டாவோ வால்வோவோ வைத்திருப்பவர்களுக்கு நடைமுறையில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வெயிலில் கார் நின்றால் முதலில் ரேடியோவையும் விசிறியையும் அணைத்துவிட்டு, சாவியைப் போட்டு அந்த இரண்டு விநாடி காது கொடுங்கள். ரிலேயைத் திறந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் விரிசல் தெரியும். பழைய சால்டரை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க ஒரு சால்டரிங் இரும்பும் கொஞ்சம் பொறுமையும் போதும். சால்டர் வைத்த பின்னும் சூடு காட்டிச் சோதியுங்கள். பம்ப்பை மாற்றிவிட்டோம் என்று பில் நீட்டுகிறவரிடம், பழைய பம்ப்புக்கு நேரே பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, அது ஓடவில்லை என்று காட்டச் சொல்லுங்கள். ஓடினால் பணம் கொடுக்காதீர்கள்.